சிராங்கூன் ரோட்டுச் சுவரும் சூசை அண்ணனும்

திங்கட்கிழமை காலை சமூக நிலையத்தின் தொலைபேசி ஒலித்தபோது, வழக்கம்போல் நிலையத்தின் பெயரை ஆங்கிலத்தில் சொல்லி எடுத்தேன். மறுமுனையில் சூசை அண்ணனின் மனைவி ரோசலின் அண்ணியின் குரல்.

“வசந்தா, உங்க அண்ணன் போயிட்டாரும்மா.”

அழுகை இல்லை. அழுது முடித்த பிறகுதான் என்னை அழைத்திருக்கிறார் என்று தெரிந்தது. “நேத்து காலைல பூசைக்குப் போயிட்டு வந்தாரு. மீன் கொழம்பு நல்லாருக்குன்னு ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கிட்டாரு. கொஞ்சம் படுக்கிறேன்னாரு. நாலு மணிக்கு டீ போட்டு எழுப்பப் போனேன்…”

தொலைபேசியை வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் இருக்கும் கோப்பிக்கடைக்குப் போய் லிம்மிடம் சொன்னேன். கடைக்காரர் லிம் சீனர், நிலையம் இருக்கும் இந்தத் தேக்கா வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவர். நம்மோடு உடைந்த தமிழில்தான் பேசுவார். கையிலிருந்த கோப்பி வடிக்கும் துணிப் பையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்க, “சூசையா? நம்ம சூசையா?” என்று இரண்டு முறை கேட்டார். பிறகு அடுப்பை அணைத்தார். சீனப் புத்தாண்டுக்கு ஒரு நாளைக்கு மேல் கடையை மூடாத மனிதர், அன்று மதியமே கதவை இழுத்துவிட்டு என்னோடு அண்ணன் வீடு இருக்கும் பூன் லேவுக்குப் பேருந்து ஏறினார்.

இந்தச் செய்திமடலைப் படிக்கும் உங்களில் பலருக்கு சூசைராஜ் அண்ணனை நேரில் தெரியும். தெரியாதவர்களுக்கும் அவர் கையைத் தெரியும். நம் நிலையத்தின் பக்கவாட்டுச் சுவரில், இந்த வட்டாரத்துக்கு மக்கள் வந்து சேர்ந்த கதையைச் சொல்லும் நீண்ட ஓவியம் இருக்கிறதே, அதை வரைந்தவர் அவர்தான். படத்தின் எந்த மூலையிலும் அவர் பெயர் இல்லை. ஏன் கையெழுத்துப் போடவில்லை என்று நான் சண்டை பிடித்திருக்கிறேன். “கப்பலுக்குப் பெயிண்ட் அடிச்சவன் பேரைக் கப்பல்ல எழுதி எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன். எங்காவது ஓரிடத்தில் அவர் பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசியில், இந்தத் தெருக்களிலிருந்து பல குடும்பங்கள் அரசாங்கத்தின் வீவக அடுக்குமாடி வீடுகள் கிடைத்துத் தொலைதூரப் பேட்டைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் குடும்பமும் அப்படித்தான் மார்சிலிங்குக்குப் போனது. எல்லோரும் போய்விடுவதற்குள் இங்கே யார் யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று ஒரு படமாவது இருக்கட்டும் என நிலையத்தின் குழு முடிவு செய்தது. தலைவர் துணிக்கடை இராமலிங்கம் ஐயா. நான் நிலையத்தின் எழுத்தர், குழுவுக்குச் செயலாளர். ஓவியர் தேவை என்று அறிவிப்பு ஒட்டினோம். முதலில் வந்த இரண்டு பேர் சுவரின் நீளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மூன்றாவதாக வந்தவர் சூசை அண்ணன். ஒரு சனிக்கிழமை பகலில், ஜூரோங்கில் வேலை முடிந்து நேராக வந்திருந்தார். கப்பல் பட்டறையில் பெயிண்ட் பிரிவில் மேற்பார்வையாளர். முழங்கை வரை சிவப்பும் சாம்பலுமாகப் புள்ளிகள். முன்பு வரைந்த படங்கள் ஏதாவது உண்டா என்று இராமலிங்கம் ஐயா கேட்டார்.

“எங்க கோயில்ல கிறிஸ்மஸ் குடிலுக்குப் பின்னாடி பெத்லகேம் வரைஞ்சிருக்கேன் சார். வருஷா வருஷம்.”

“பெத்லகேம் நீங்க பாத்திருக்கீங்களா?”

“இல்ல சார். அதனால அது சுமாராத்தான் இருக்கும். தேக்காவைப் பாத்திருக்கேன்.”

ஐயா சிரித்துவிட்டார். அண்ணன் சுவரருகே போய் உள்ளங்கையை அங்கங்கே வைத்துப் பார்த்தார், விரலால் தட்டிக் கேட்டார். கீழ்ப்பகுதி முழுவதும் ஈரம், அதை உரித்துப் பூசிக் காய விடாமல் ஒரு கோடுகூடப் போட மாட்டேன் என்றார். நாங்கள் தேசிய தினத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அவசரப்பட்டோம். “அவசரமா அடிச்ச பெயிண்ட் கடல்ல ஒரு வருஷம்கூடத் தாங்காது. மழையும் கடல்தான்” என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரம் பூச்சு வேலை தெரிந்த இரண்டு பட்டறை நண்பர்களோடு வந்து நின்றார். தேசிய தினம் போனது. சுவர் காய்ந்தது.

கற்பனை முகங்களை வரைய மாட்டேன் என்பது அவருடைய அடுத்த பிடிவாதம். ஒவ்வொரு முகத்துக்கும் இந்த வட்டாரத்தைச் சேர்ந்த ஓர் ஆள் வந்து உட்கார வேண்டும் என்றார். “தெரியாத மூஞ்சிய வரைஞ்சா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. யாரும் நின்னு பாக்கவும் மாட்டாங்க” என்பது அவர் வாதம். அப்படித்தான் லிம் தன் தாத்தாவாக வந்து முக்காலியில் உட்கார்ந்தார். தோளில் காவடிக் கம்பு போல ஒரு கழி, இரு முனைகளிலும் கூடை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கடையில் யாராவது கூப்பிடுவார்கள், லிம் கழியோடு எழுந்து ஓடுவார். கடைசியில் படத்தைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

“ஏன் எங்க தாத்தா இவ்ளோ ஒல்லி? எங்க குடும்பத்துல யாரும் ஒல்லி இல்ல லா.”

“உங்க தாத்தா சீனாவிலேருந்து கப்பல்ல எத்தனை வாரம் வந்தாருன்னு சொன்னீங்க?”

“ஆறு, ஏழு.”

“கப்பல்ல உங்க கோப்பிக்கடை இருந்துச்சா?”

லிம் கொஞ்சம் யோசித்தார். “சரி, ஒல்லி போலே லா” என்று, ‘ஆகலாம்’ என்பதற்கான மலாய்ச் சொல்லால் அனுமதி கொடுத்துவிட்டுப் போனார். அந்த நாளிலிருந்து சுவரில் வேலை நடந்த அத்தனை நாளும் அண்ணனுக்குக் கோப்பி அவர் கடையிலிருந்துதான்.

இன்னொரு நாள். சலவைத் தொழிலாளர்கள் ஓடையில் நின்று துணி துவைக்கும் காட்சி முடிந்திருந்தது. டோபி காட் சலவைத்துறையில் ஒரு காலத்தில் துவைத்த குடும்பத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் அந்தப் பக்கம் நடந்துபோனவர் நின்றுவிட்டார். “இப்படித் துவைச்சா தோள் கழண்டு விழுந்துடும்” என்றார். அண்ணன் ஏணியிலிருந்து இறங்கி, தன் சட்டையைக் கழற்றி நனைத்து அவரிடம் நீட்டினார். அவர் அதை முறுக்கி, இடுப்பைத் திருப்பி, சாக்கடைத் திட்டின் மேல் ஓங்கி அடித்துக் காட்டினார். மூன்று முறை. நான்காவது அடியில் சட்டையின் பொத்தான்கள் தெறித்தன. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அண்ணன் பனியனோடு மேலே ஏறி, இரண்டு வாரம் உழைத்து வரைந்த மூன்று ஆட்களையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். வருத்தமாக இல்லையா என்று கேட்டேன். “தப்புன்னு இப்பவே தெரிஞ்சுதேன்னு சந்தோஷமா இருக்கு” என்றார். அதை உபசாரத்துக்குச் சொல்லவில்லை. பொத்தானில்லாத சட்டையோடு சீட்டியடித்துக்கொண்டே பேருந்துக்குப் போனார்.

இனி எழுதப்போவது நான் இதுவரை எங்கும் எழுதாதது. அண்ணி படித்துப் பார்த்து, எழுதலாம் என்றார். என் அம்மாவும் சரி என்றார்.

சுவரின் நடுவில், துறைமுகக் காட்சிக்கும் கடைத்தெருக் காட்சிக்கும் இடையே, ஒரு பகுதி காலியாகவே இருந்தது. அங்கே என்ன வரப்போகிறது என்று அண்ணன் சொல்லாமல் இருந்தார். ஒரு கூட்டத்தில் வரைபடத்தை மேசைமேல் விரித்தார். செங்கல் சுமக்கும், சுண்ணாம்பு குழைக்கும் ஆட்கள். அவர்கள் கால்களில் சங்கிலி. நூறு ஆண்டுகளுக்கும் முன்னால் வெள்ளைக்காரன் இந்தியாவிலிருந்து கைதிகளைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தான். இந்த ஊரின் பழைய சாலைகளும் பெரிய கட்டடங்கள் சிலவும் அவர்கள் கையால் எழுந்தவை. பட்டறையில் யாரோ சொல்லக் கேட்டு, நூலகத்துக்குப் போய்ப் படித்து உறுதி செய்துகொண்டு வந்திருந்தார்.

இராமலிங்கம் ஐயாதான் முதலில் வாய் திறந்தார்.

“சூசை, நம்ம பிள்ளைங்க இந்த வழியாத்தான் ஸ்கூலுக்குப் போகுதுங்க. மத்தவங்க வியாபாரம் பண்ண வந்தாங்க, நாம மட்டும் ஜெயிலுக்கு வந்தோம்னு காட்டணுமா?”

“காட்டலேன்னா வரலேன்னு ஆயிடுமா சார்?”

“வந்தாங்க, சரி. அவங்க வாரிசுன்னு சொல்லிக்க யாராச்சும் இருக்காங்களா? யாருக்காக இதை வரையறீங்க?”

வாக்கெடுப்பு நடந்தது. அந்தப் பகுதி வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. முதலில் உயர்ந்த கைகளில் என்னுடையதும் இருந்தது. “கைதிகள் பகுதி நீக்கப்பட்டது” என்று கூட்டக் குறிப்பில் என் கையாலேயே எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை மதியம் நல்ல மழை. வண்ணப் பெட்டிகளையெல்லாம் கடைகளின் முன்னாலிருக்கும் ஐந்தடிப் பாதையில் அடுக்கிவிட்டு, நாங்கள் இருவரும் மழை விடுவதற்காக நின்றுகொண்டிருந்தோம். அவர் என்மேல் கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ லிம் கொடுத்தனுப்பிய கோப்பியில் பாதியை மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

“அண்ணே, நான் ஏன் கை தூக்கினேன்னு கேக்க மாட்டீங்களா?”

“உங்களுக்கு ஏதோ காரணம் இருக்கும் தங்கச்சி.”

கேட்டிருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். கேட்காததால் உண்மையைச் சொன்னேன். “எங்கம்மாவோட தாத்தா அப்படித்தான் வந்தாரு.”

என் கணவரிடம்கூட அதுவரை சொல்லாத செய்தி அது. எங்கள் வீட்டில், அவர் சர்க்கார் கப்பலில் சர்க்கார் வேலைக்கு வந்தவர் என்றுதான் சொல்வார்கள். சொல்லுக்குச் சொல் உண்மை. வளர்ந்த பிறகு சித்தி ஒருத்தி வாய் தவறிச் சொல்லித்தான் எனக்கே விஷயம் தெரிந்தது. பெண் பார்க்க வருபவர்கள் காதில் விழுந்துவிடக் கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். எனக்குத் திருமணமாகிக் குழந்தைகள் பிறந்த பிறகும் அந்தச் சத்தியம் காலாவதியாகவில்லை.

அண்ணன் ஆச்சரியப்படவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. “அவரு பேரு என்ன?” என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. என் கொள்ளுத்தாத்தாவின் பெயர் எனக்குத் தெரியாது என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

அன்று மாலை மார்சிலிங் வீட்டுச் சமையலறையில் அம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிரவே இல்லை. “எதுக்கு இப்ப? யாரு கேட்டா?” என்றார். அதன் பிறகு நான்கு நாட்கள் என்னோடு தேவைக்கு மேல் பேசவில்லை. ஐந்தாம் நாள், நான் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டும்போது பின்னால் வந்து நின்றார்.

“பெருமாள். அதான் பேரு. எனக்குப் பத்து வயசு இருக்கும்போது செத்துப்போனாரு. அவரு காலுக்கு நான்தான் எண்ணெய் தேய்ப்பேன்.”

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். அன்று நான் வேலைக்குத் தாமதம்.

“ரெண்டு கணுக்கால்லயும் வளையம் மாதிரி ஒரு தழும்பு. அங்க மட்டும் முடியே இருக்காது, பளபளன்னு இருக்கும். என்ன தாத்தா இதுன்னு கேட்டேன். சின்ன வயசுல கொலுசு போட்டிருந்தேன்டி, உன்னை மாதிரின்னாரு. நான் நம்பிட்டேன். அவரு மாதிரி எனக்கும் பெரிய கொலுசு வேணும்னு அழுதிருக்கேன்.” அம்மா அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். “என்ன தப்பு செஞ்சாரோ, செஞ்சாரோ செய்யலையோ, யாருக்குத் தெரியும்? எங்க மேல ஒரு நாள்கூடக் கை ஓங்கினதில்ல.”

இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். கேட்டு முடித்தும் வெகுநேரம் அதையே கழுவினார். பிறகு சொன்னார்: “நான் வரைஞ்சதும் தப்பு தங்கச்சி. சங்கிலி அவரோடது இல்ல, அடுத்தவன் மாட்டினது. அதை எதுக்கு நான் வரையணும்? அவரு கட்டின சுவரு அவரோடது. அதை வரையறேன். தழும்பும் அவரோடது. அதையும் வரையறேன்.” குழு நீக்கிய பகுதியை எப்படி வரைவீர்கள் என்று கேட்டேன். அது உங்கள் வேலை என்பதுபோல என்னைப் பார்த்தார்.

அதற்கு முன் அவருக்கு ஒரு முகம் தேவைப்பட்டது. புகைப்படம் எதுவும் எங்களிடம் இல்லை. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் அண்ணியையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தேன். காரணத்தை அம்மாவிடம் சொல்லவில்லை. அண்ணனும் சொல்ல மாட்டார் என்று நம்பினேன். சாப்பாட்டின் நடுவில் அம்மா கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

“என்ன தம்பி, வந்ததிலேருந்து என் மூஞ்சியவே பாக்குறீங்க? சோத்தப் பாத்துச் சாப்பிடுங்க.”

அண்ணனுக்குப் பொய் வராது. “உங்க தாத்தா மொகம் எனக்கு வேணும்மா. சுவத்துல வரையணும். அதான் உங்க மொகத்துல இருக்கான்னு தேடுறேன்.”

நான் ரசப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ரோசலின் அண்ணி கணவரை முழங்கையால் இடித்தார். அம்மா யாரையும் பார்க்கவில்லை. தட்டிலிருந்த சோற்றை விரலால் ஒதுக்கி ஒதுக்கிக் குவித்தார். அவர் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார் என்றுதான் நினைத்தேன்.

“என் காதை வரையாதீங்க” என்றார் கடைசியில். “இது எங்கப்பா வழிக் காது. தாத்தாவுக்குக் காது பெருசு, கடுக்கன் போட்ட ஓட்டை தூர்ந்துபோயி இருக்கும். நெத்தி இதே நெத்திதான். மூக்கும் இதுதான், இன்னும் கொஞ்சம் சப்பை.”

அண்ணன் கையைக்கூடக் கழுவாமல் தாள் கேட்டார். மீன் குழம்புக் கறையோடு அந்தத் தாள் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

அடுத்த குழுக் கூட்டத்தில், நீக்கப்பட்ட பகுதியை மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று நானே எழுந்து நின்று கேட்டேன். ஏன் என்றார் இராமலிங்கம் ஐயா. அவர்கள் வாரிசு யாராவது இருக்கிறார்களா என்று போன கூட்டத்தில் கேட்டீர்களே, நான் இருக்கிறேன் என்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் அழுதிருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தெரியாமல் பேசிவிட்டேன்மா என்றார். பிறகு, “மினிட்ஸ்ல இதை எப்படி எழுதப்போறீங்க?” என்று மெல்லக் கேட்டார்.

“உள்ளபடியே எழுதுறேன் சார்.”

இந்த முறை எதிர்த்து ஒரு கைகூட உயரவில்லை.

படத்தில் அந்த ஆளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாதி எழும்பிய சுவரின் அருகே, கையில் கொத்துக் கரணையோடு, முதுகு நிமிர்ந்து நிற்கிறார். கால்களில் சங்கிலி இல்லை. இரண்டு கணுக்கால்களிலும் வெளிறிய வளையம் மட்டும். திறப்பு நாளன்று அம்மா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தார். கூட்டம் விலகி வழிவிட, நேராக அந்த இடத்துக்குப் போனார். முதலில் காதைப் பார்த்தார். திருப்திதான் போலிருந்தது. பிறகு குனிந்து அந்த வளையத்தின்மேல் விரலை வைத்தார். பக்கத்தில் நின்ற பெண்மணி ஒருவர், யார் இவர், உங்கள் உறவா என்று விசாரித்தார்.

“எங்க தாத்தா. கைதியா வந்தாரு. கட்டடம் கட்டினாரு” என்றார் அம்மா. நான்கு பேருக்குக் கேட்கும் குரலில்தான் சொன்னார். அப்புறம் அண்ணனைத் திரும்பிப் பார்த்து, “மூக்கு இன்னும் கொஞ்சம் சப்பையா இருக்கலாம் தம்பி” என்றார். “சரிம்மா” என்று சொல்லி, அடுத்த சனிக்கிழமை வந்து மூக்கைச் சப்பையாக்கிவிட்டுப் போனார்.

திறப்பு விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். என் வயதுள்ள ஒருவர் அந்தப் படத்தின் முன் தனியாக நெடுநேரம் நின்றிருந்தார். கிளம்பும்போது என்னிடம் வந்து, “அந்தக் கால் தழும்பு… யாரு சொல்லி வரைஞ்சது?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். என் அம்மா என்றேன். தலையை ஆட்டினார். பெயர் கேட்டேன், சொல்லவில்லை. மறு வாரம் ஒரு சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி வந்தார்.

அதன் பிறகு அண்ணனுக்கு ஓய்வே இல்லை. எங்கள் பாட்டனை விட்டுவிட்டீர்களே, எங்கள் அத்தையைக் காணோமே என்று ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தபால்காரர் யூசோப், ஜாவாவிலிருந்து வந்த தன் முன்னோருக்கு இடம் கேட்டார். அண்ணன் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் மேல்தட்டில் ஒவ்வொருவராக ஏற்றினார். ஆண்டுக்கு ஆண்டு கப்பலில் நெரிசல் கூடியது. இனிமேல் ஏற்றினால் கப்பல் மூழ்கிவிடும் அண்ணே என்று ஒருமுறை கேலி செய்தேன்.

“எந்தக் கப்பல் எவ்ளோ தாங்கும்னு பட்டறைக்காரன்கிட்ட சொல்றீங்களா?” என்றார். “இன்னும் எடம் இருக்கு.”

அவரைப் பற்றிக் குறையே சொல்லாமல் முடித்தால் அண்ணி சிரிப்பார். கோபம் வந்தால் இரண்டு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். ஒருமுறை குழாய் பதிக்க வந்த ஆள் சுவரின் கீழ் மூலையில் துளை போட்டுவிட்டான் என்பதற்காக, தொடர்பே இல்லாத என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. நேரம் தவறுவார். உறைப்பு இல்லாத சாப்பாட்டை யார் வீட்டில் கொடுத்தாலும் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு, யாரும் சொல்லாமல், வாளியும் மெல்லிய தூரிகையுமாக வந்து நிற்பார். மழைக்கறை, பேருந்துப் புகை, பிள்ளைகளின் கைத்தடம் எல்லாவற்றையும் கழுவித் துடைப்பார். கைத்தடங்களைத் துடைக்கும்போது மட்டும் முணுமுணுக்க மாட்டார்.

போன மாதம் அவரும் அண்ணியும் மார்சிலிங் வந்திருந்தார்கள். அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. குரலை வைத்துத்தான் ஆளை அறிகிறார். பட்டறையிலிருந்து ஓய்வு பெறப் போகிறேன், அதன் பிறகு தினமும் வீட்டிலிருந்து அண்ணியைத் தொந்தரவு செய்யப் போகிறேன் என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். “இத்தனை வருஷமா மட்டும் என்ன செஞ்சாரு?” என்றார் அண்ணி. அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணனை நான் கடைசியாகப் பார்த்தது அந்தச் சிரிப்பின் நடுவில்தான். அதில் எனக்கு நிறைவுதான்.

பூன் லேவில் அவருடைய அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் பெட்டியை வைத்திருந்தார்கள். பங்கு மக்கள் செபமாலை சொன்னார்கள். பட்டறை நண்பர்கள் வேலை உடுப்போடு நேராக வந்திருந்தார்கள். இராமலிங்கம் ஐயா கைத்தடி ஊன்றி வந்தார். யூசோப் வந்தார். டோபி காட் முதியவரின் மகன் வந்தார். அன்று தந்தை துவைத்த சட்டையின் கதையை அவர்தான் எல்லோருக்கும் சொல்லிச் சிரிக்க வைத்தார். லிம் பெட்டியருகே நின்று வெகுநேரம் உள்ளே பார்த்தார். “ஒல்லியா ஆயிட்டாரு லா” என்றார். அப்போதுதான் அவர் கண்ணில் நீர் வந்தது.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். படம் ஊருக்குச் சொந்தம், எனக்கு மட்டும் அல்ல. நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம்பெண் ஒருத்தி நேற்று தேநீர் இடைவேளையில், பேச்சுவாக்கில், “உங்க ஃபேமிலி இங்க எப்படி வந்தாங்க மேடம்?” என்று கேட்டாள். மார்சிலிங்குக்கு எந்தப் பேருந்து என்று கேட்டிருந்தால் எந்தக் குரலில் சொல்லியிருப்பேனோ, அதே குரலில் பதில் சொன்னேன். எங்கம்மாவின் தாத்தா பெருமாள், கைதியாக வந்தார், கொத்து வேலை செய்தார், இங்கேயே குடும்பம் நடத்தினார். அவள் “ஓ” என்று சொல்லிவிட்டு, மேலும் கேட்பதற்காக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் தேநீரைக் கீழே வைக்கவில்லை. யார் காதில் விழுகிறதோ என்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கவும் இல்லை. அந்தக் குரல் என் நாற்பது வயது வரை என்னிடம் கிடையாது. சூசை அண்ணன் போன பிறகும் அது என்னோடு இருக்கிறது.